ரத்த செல்களில் குரோமோசோம் இழப்பும் வயதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"வயதாக ஆக ஆண்களின் ஒய் குரோமோசோம் காணாமல் போகிறது" என்ற மாதிரி ஒரு தலைப்பு அவ்வப்போது செய்திகளில் வந்து போகும். படித்தவர்களில் பாதிப் பேர் பயந்துபோகிறார்கள், மீதிப் பேர் கேலி செய்கிறார்கள். விஷயம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில், எந்த செல்லில் எது காணாமல் போகிறது?

உடம்பின் சாதாரண செல் ஒன்றில் 46 குரோமோசோம்கள் இருக்கும். ரத்தத்தின் சிவப்பணுக்கள் முதிர்ந்ததும் உட்கருவை வெளியே தள்ளிவிடுகின்றன, அதனால் அவற்றில் குரோமோசோமே கிடையாது. இங்கே பேசப்படுவது வெள்ளையணுக்களைப் பற்றியும், அவற்றை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜையின் ஸ்டெம் செல்களைப் பற்றியும்தான். வயதானவர்களின் வெள்ளையணுக்களில் சிலவற்றை எடுத்துப் பார்த்தால் 46-க்குப் பதில் 45 இருக்கும். ஆணாக இருந்தால் குறைவது பெரும்பாலும் ஒய். பெண்ணாக இருந்தால் இரண்டு எக்ஸ்களில் ஒன்று.

எல்லா செல்லிலும் இப்படி ஆவதில்லை. ஒரே ஆளின் ரத்தத்தில் ஒய் உள்ள செல்லும் இல்லாத செல்லும் கலந்து ஓடும். இந்தக் கலப்பைத்தான் மொசைக் என்கிறார்கள். ஒருவருக்கு 5 சதவீத செல்களில் ஒய் இல்லாமல் இருக்கலாம், இன்னொருவருக்கு 60 சதவீதத்தில் இல்லாமல் இருக்கலாம். இரண்டையும் "ஒய் இழப்பு" என்று ஒரே பெயரில் சொல்வதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

பிறவியிலேயே ஒரு குரோமோசோம் குறைவாக இருப்பதும் இதுவும் ஒன்றா?

இல்லை. பெண்களுக்கு வரும் டர்னர் என்ற பிறவி நிலையில், கரு உருவாகும்போதே பாலைத் தீர்மானிக்கும் குரோமோசோம்களில் ஒன்று இல்லாமல் போய்விடுகிறது, அதனால் உடம்பின் பல உறுப்புகள் பாதிக்கப்படலாம். இங்கே நாம் பேசுவது, 46 குரோமோசோமோடு பிறந்து வளர்ந்தவரின் ரத்த செல்களில் பல பத்தாண்டுகளுக்குப் பின் நடக்கும் மாற்றம். பெற்றோரிடமிருந்து வருவதும் இல்லை, பிள்ளைகளுக்குப் போவதும் இல்லை.

இது சமீபத்தில் கண்டுபிடித்த விஷயமா?

செய்திகளைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் 1963-லேயே பட்ரீஷியா ஜேக்கப்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் நேச்சர் இதழில் எழுதிவிட்டார்கள்: வயது ஏற ஏற வெள்ளையணுக்களில் குரோமோசோம் எண்ணிக்கை குறைந்த செல்கள் கூடுகின்றன, அந்தக் கூடுதல் ஆணுக்கு ஒரு மாதிரி, பெண்ணுக்கு ஒரு மாதிரி இருக்கிறது என்று. மைக்ரோஸ்கோப்பின் அடியில் ஒவ்வொரு செல்லாக உட்கார்ந்து எண்ணிய காலம் அது. 1972-ல் எலும்பு மஜ்ஜையிலும் ஒய் இழப்பு வயதோடு கூடுவதைக் காட்டினார்கள்.

அதன் பிறகு நாற்பது வருடம் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. "வயதானால் தலை நரைக்கிற மாதிரி இதுவும் ஒன்று" என்று ஒதுக்கி வைத்துவிட்டார்கள். ஒய் குரோமோசோம் என்பது ஆண் பாலைத் தீர்மானிப்பதற்கும் விந்து உற்பத்திக்கும் மட்டும்தான், ரத்த செல்லுக்கு அதனால் என்ன பயன் என்ற எண்ணமும் அதற்கு ஒரு காரணம். அந்த எண்ணம்தான் இப்போது மாறியிருக்கிறது.

எத்தனை பேருக்கு இது இருக்கிறது?

இன்று தெரிந்தவற்றில், மனித உடம்பில் பிறவிக்குப் பின் ஏற்படும் குரோமோசோம் மாற்றங்களில் இதுதான் மிகவும் பரவலானது. லட்சக்கணக்கானோரின் மரபணு, உடல்நலத் தகவல்களைச் சேர்த்து வைக்கும் பிரிட்டனின் யுகே பயோபேங்க் திட்டத்தில் இருந்த 2,05,011 ஆண்களின் தரவை வைத்து 2019-ல் ஒரு ஆய்வு வந்தது. அவர்களில் ஐந்தில் ஒருவருக்குக் கண்டறியக்கூடிய அளவில் ஒய் இழப்பு இருந்தது. 40 வயதில் நூற்றுக்கு இரண்டு, மூன்று பேர்தான். 70 வயதில் நூற்றுக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது.

"கண்டறியக்கூடிய அளவில்" என்ற சொற்களைக் கவனியுங்கள். கருவியின் நுட்பத்தைப் பொறுத்து இந்த எண்ணிக்கை மாறும். ஒவ்வொரு செல்லாகப் பிரித்துப் படிக்கும் முறையில் பார்த்தால், வயதான ஆண்களில் ஒய் இல்லாத செல் ஒன்றிரண்டாவது கிடைக்காதவர் அபூர்வம்.

ஒரு முழு குரோமோசோம் எப்படித் தொலையும்?

செல் இரண்டாகப் பிரியும்போதுதான். பிரிவதற்கு முன் ஒவ்வொரு குரோமோசோமும் தன்னை ஒரு முறை படியெடுத்துக்கொள்கிறது. செல்லின் இரண்டு துருவங்களிலிருந்தும் நுண்குழல்கள் என்ற நார்கள் நீண்டு வந்து, ஒவ்வொரு குரோமோசோமின் இடுப்புப் பகுதியான சென்ட்ரோமியரைப் பிடிக்கின்றன. இரண்டு படிகளையும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு போகின்றன. எல்லா குரோமோசோமும் இரண்டு பக்கமும் ஒழுங்காகப் பிடிபட்டிருக்கிறதா என்று பார்க்க ஒரு கண்காணிப்பு ஏற்பாடும் செல்லுக்குள் உண்டு. அது சரி சொன்ன பிறகுதான் இழுக்கும் வேலை தொடங்கும்.

இதில் எங்காவது பிசகினால் ஒரு குரோமோசோம் நடுவில் தங்கிவிடும், அல்லது இரண்டு படிகளும் ஒரே பக்கம் போய்விடும். நடுவில் தங்கியதைச் சுற்றித் தனியாக ஒரு சவ்வு உருவாகி, அது நுண் உட்கருவாக ஒதுங்கி நிற்கும். அதற்குள் இருக்கும் டிஎன்ஏ பெரும்பாலும் சிதைந்துபோகும். இப்படி ஒரு மகள் செல் 45 குரோமோசோமோடு வாழ்க்கையைத் தொடங்குகிறது.

யாருக்கு ஒய் இழப்பு அதிகம் என்று மரபணுத் தொகுப்பில் தேடியபோது இந்த இயந்திரத்தின் பாகங்கள்தான் வந்து மாட்டின. மேலே சொன்ன 2019 ஆய்வு 156 இடங்களைச் சுட்டியது. அவற்றில் குரோமோசோம் பிரிப்பைக் கண்காணிக்கும் மரபணுக்கள், டிஎன்ஏ சேதத்தை உணரும் மரபணுக்கள், சேதமடைந்த செல்லைத் தானே சாகச் சொல்லும் மரபணுக்கள் எல்லாம் உண்டு. தேடியது ஒய் குரோமோசோமைப் பற்றி, கிடைத்ததோ மற்ற குரோமோசோம்களில் உள்ள மரபணுக்கள். அதே மரபணு வேறுபாடுகள், ஒய் குரோமோசோமே இல்லாத பெண்களிலும் புற்றுநோய் ஆபத்தோடு தொடர்பு காட்டின. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு இதுதான். பிரச்சினை ஒய்யோடு நின்றுவிடவில்லை, செல் தன் குரோமோசோம்களை எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்கிறது என்பது வரை போகிறது என்பதை அது ஒரே அடியில் காட்டிவிட்டது.

சரி, 46 இருக்கும்போது ஏன் ஒய் மட்டும் அடிக்கடி போகிறது?

இரண்டு காரணம். ஒய்யின் சென்ட்ரோமியர் மற்றவற்றிலிருந்து கொஞ்சம் வேறானது. மற்ற எல்லா குரோமோசோம்களின் சென்ட்ரோமியரிலும் வந்து ஒட்டும் ஒரு புரதம் ஒய்யில் மட்டும் ஒட்டுவதில்லை. அதனால் நார்களின் பிடி சற்றுத் தளர்வு.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. மற்ற குரோமோசோம்களும் தொலையத்தான் செய்கின்றன, ஆனால் அப்படித் தொலைத்த செல் பெரும்பாலும் பிழைப்பதில்லை. நூற்றுக்கணக்கான மரபணுக்கள் ஒரே நேரத்தில் பாதியாகக் குறைந்தால் செல்லின் கணக்கு வழக்கு எல்லாம் குலைந்துபோகும். ஒய்யில் இருப்பது மொத்தம் சுமார் 6.2 கோடி டிஎன்ஏ எழுத்துகள், அதாவது மனித மரபணுத் தொகுப்பில் ஏறக்குறைய 2 சதவீதம். அதில் புரதம் உண்டாக்கும் மரபணுக்கள் நூறு சொச்சம், அவற்றிலும் பெரும்பகுதி விந்தகத்துக்கானவை. அதனால் ஒய்யைத் தொலைத்த செல் உயிரோடு இருக்கிறது, நம் கண்ணில் படுகிறது. மற்றவற்றைத் தொலைத்த செல் செத்துவிடுவதால் நம் கணக்கிலேயே வருவதில்லை.

ஒரு செல்லில் நடந்த பிசகு, பாதி ரத்தத்துக்கு எப்படிப் பரவுகிறது?

யாரும் அதிகம் கேட்காத கேள்வி இது. இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும் என்பது என் எண்ணம்.

ரத்தத்தில் ஓடும் வெள்ளையணுக்களில் பெரும்பாலானவை குறுகிய ஆயுள் கொண்டவை. சில வகைகள் சில நாள்கூடத் தாங்காது. அப்படிப்பட்ட செல் ஒன்று ஒய்யைத் தொலைத்தால் யாருக்கும் தெரியாது, அது செத்தால் கதை முடிந்தது. ஆனால் எலும்பு மஜ்ஜையில் உட்கார்ந்திருக்கும் ஸ்டெம் செல் ஒன்று தொலைத்தால் அதன் வாரிசுகள் எல்லாருமே ஒய் இல்லாமல்தான் பிறப்பார்கள். ஒருவருக்கு இப்படிப்பட்ட ரத்த ஸ்டெம் செல்கள் ஏறக்குறைய 20,000 முதல் 2 லட்சம் வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். இளமையில் அவை எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு போட்டு ரத்தத்தை உண்டாக்குகின்றன. எந்த ஒரு ஸ்டெம் செல்லின் வாரிசும் தனியாகத் தெரியாது.

முதுமையில் இந்தப் பங்கீடு கெடுகிறது. 2022-ல் வெளிவந்த ஒரு ஆய்வில், வெவ்வேறு வயதினரின் ரத்த ஸ்டெம் செல்களைத் தனித்தனியாக வளர்த்து அவற்றின் முழு டிஎன்ஏவையும் படித்து வம்சாவளி போட்டார்கள். 65 வயதுக்குக் கீழே இருந்தவர்களிடம் ஆயிரக்கணக்கான கிளைகள். 75-ஐத் தாண்டியவர்களிடமோ வெறும் பத்திருபது குடும்பங்கள் சேர்ந்து ரத்தத்தின் 30 முதல் 60 சதவீதத்தை உண்டாக்கிக்கொண்டிருந்தன. பயிர் நெருக்கமாக நிற்கும் வயலில் களை பரவ இடமிருக்காது. பயிர் சோர்ந்து இடைவெளி விழுந்தால் ஒரே வேரிலிருந்து கிளம்பியது அரை வயலைப் பிடித்துக்கொள்ளும். முதிய மஜ்ஜையும் அப்படித்தான்.

இந்த ஒரே மூதாதைக் கூட்டத்தைக் குளோன் என்கிறார்கள். ஆகவே ஒருவருக்கு 40 சதவீத ஒய் இழப்பு என்று அறிக்கை வந்தால், அவர் உடம்பில் லட்சக்கணக்கான முறை ஒய் தொலைந்தது என்று பொருளில்லை. எப்போதோ ஒரு சில ஸ்டெம் செல்களில் நடந்தது, அவற்றின் குடும்பம் இப்போது ரத்தத்தில் 40 சதவீதமாக வளர்ந்து நிற்கிறது. அந்த எண் அளப்பது, எத்தனை விபத்து நடந்தது என்பதைவிட, அண்டை செல்களை முந்திக்கொண்டு ஒரு குடும்பம் எவ்வளவு பரவியது என்பதைத்தான்.

அப்படியானால் இது முதுமைக்குக் காரணமா, வெறும் அடையாளமா?

சண்டையே இங்கேதான். ஒரு பக்கத்தில், இது மஜ்ஜையின் வயதையும் உடம்பின் பராமரிப்புக் குறைவையும் காட்டும் அளவுகோல் மட்டுமே என்பவர்கள். இன்னொரு பக்கத்தில், ஒய் இல்லாத வெள்ளையணுவே கெடுதல் செய்கிறது என்பவர்கள். இரண்டுக்கும் ஆதாரம் இருக்கிறது, இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கத் தடையும் இல்லை. கீழே உள்ள நான்கு பதில்களையும் அந்த எண்ணத்தோடு படியுங்கள்.

ஒய் இழந்தவர்கள் ஐந்தரை வருடம் முன்னதாக இறக்கிறார்கள் என்பது உண்மையா?

அந்த எண் 2014-ல் வந்தது. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் லார்ஸ் ஃபோர்ஸ்பெரி, யான் டுமான்ஸ்கி ஆகியோரின் குழு, பல பத்தாண்டுகளாகப் பின்தொடரப்பட்டுவந்த முதிய ஆண்கள் 1,153 பேரின் ரத்தத்தைப் பார்த்தது. ஒய் இழப்பு கணிசமாக இருந்தவர்களின் ஆயுள், நடுமதிப்பில் 5.5 வருடம் குறைவாக இருந்தது. புற்றுநோயால் இறப்பதும் அவர்களிடம் அதிகமாக இருந்தது. நாற்பது வருட அலட்சியத்தை உடைத்தது இந்த ஆய்வுதான்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்கள் எல்லாரும் எழுபதைக் கடந்தவர்கள், எண்ணிக்கையும் சிறியது. "கணிசமான இழப்பு" என்ற வகையில் வந்தவர்கள் அதிலும் சிலரே. பின்னால் இளையவர்களும் அடங்கிய பெரிய கூட்டங்களைப் பார்த்தபோது தொடர்பு இருந்தது, ஆனால் இவ்வளவு பெரிதாக இல்லை. உங்கள் வீட்டுப் பெரியவரின் ஆயுளிலிருந்து ஐந்தரையைக் கழித்துப் பார்ப்பதற்கான எண் இல்லை இது.

ஒய் இல்லாத செல் நேரடியாகக் கெடுதல் செய்கிறது என்பதற்கு என்ன ஆதாரம்?

2022-ல் சயன்ஸ் இதழில் வந்த எலி ஆய்வு. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் கென்னத் வால்ஷ் குழு, கிரிஸ்பர் என்ற டிஎன்ஏ வெட்டும் கருவியால் ஆண் எலிகளின் மஜ்ஜை செல்களில் ஒய்யின் சென்ட்ரோமியரைக் குறிவைத்து வெட்டி, அந்தக் குரோமோசோமை வெளியேற்றியது. அந்த மஜ்ஜையை மற்ற ஆண் எலிகளுக்கு மாற்றியது. ரத்த செல்லில் மட்டும் ஒய் இல்லாத எலிகள் கிடைத்தன, மற்ற உறுப்புகளில் ஒய் அப்படியே இருந்தது.

அந்த எலிகள் சீக்கிரம் இறந்தன. வயதாகும்போது அவற்றின் இதயத் தசையில் நார்த்திசு கூடி, இதயம் விறைத்து, வேலைத்திறன் குறைந்தது. ஒய் இல்லாத வெள்ளையணுக்கள் இதயத்துக்குள் போய் மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கு செல்களாக மாறி, டிஜிஎஃப் பீட்டா என்ற சமிக்ஞைப் பாதையைத் தூண்டிவிட்டதுதான் காரணம். அந்தச் சமிக்ஞையைத் தடுக்கும் எதிர்ப்புரதத்தைக் கொடுத்தபோது இதயத்தின் நிலை ஓரளவு தேறியது. விபத்தில் தசை கிழிந்தால் நார்த்திசு போட்டு மூடுவது நல்ல வேலைதான், காயமே இல்லாத இடத்தில் அதையே செய்துகொண்டிருந்தால் இதயம் தாங்காது.

அதே கட்டுரையில் யுகே பயோபேங்க் தரவும் உண்டு. 40 சதவீதத்துக்கு மேல் ஒய் இழந்த ஆண்களுக்கு இதய ரத்தநாள நோய்களால் இறக்கும் ஆபத்து 31 சதவீதம் கூடுதலாக இருந்தது. இது ஒப்பீட்டளவு. ஏற்கெனவே இருக்கும் ஆபத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது என்று படிக்க வேண்டும், நூறில் 31 பேர் இறப்பார்கள் என்று படிக்கக் கூடாது.

ஒய்யில் எந்த மரபணு போனதால் இந்தக் கெடுதல் என்று தேடியதில் யுடிஒய் என்ற மரபணு முன்னால் வந்து நிற்கிறது. மற்ற மரபணுக்களை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்ற நிர்வாக வேலையில் பங்குள்ள மரபணு அது. இதற்கு எக்ஸ் குரோமோசோமில் யுடிஎக்ஸ் என்று ஒரு ஜோடி உண்டு. ஒய்யில் இப்படி எக்ஸோடு ஜோடி சேர்ந்த மரபணுக்கள் கொஞ்சம் இருக்கின்றன, அவை விந்தகத்தில் மட்டும் இல்லாமல் உடம்பு முழுக்க வேலை செய்கின்றன. "ரத்த செல்லுக்கு ஒய் எதற்கு" என்ற பழைய கேள்விக்குப் பதில் அந்தச் சில மரபணுக்களில்தான் இருக்கிறது.

புற்றுநோய்க்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

இரண்டு வெவ்வேறு விஷயங்களை இங்கே பிரிக்க வேண்டும். ரத்த செல்லில் ஒய் போவது ஒன்று. அப்படிப்பட்ட செல்கள் நோய் எதிர்ப்பு வேலையை ஒழுங்காகச் செய்யாததால், வேறு உறுப்பில் முளைக்கும் புற்று செல் தப்பித்துவிடலாம் என்பது ஒரு விளக்கம். புற்றுக் கட்டியின் செல்லே ஒய்யைத் தொலைப்பது இன்னொன்று. 2023-ல் சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் பார்த்தது அதைத்தான்: ஒய் இல்லாத கட்டிகள், புற்று செல்களைக் கொல்லும் வெள்ளையணுக்களான டி செல்களைச் சோர்வடையச் செய்து வேகமாக வளர்ந்தன. ஆனால் நோய் எதிர்ப்பைத் தூண்டும் நவீன மருந்துகளுக்கு அதே கட்டிகள் நன்றாகப் பணிந்தன. செய்திகள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடும், ஜாக்கிரதை.

அல்சைமர் நோய்?

2016-ல் டுமான்ஸ்கியின் குழு, அல்சைமர் உள்ள ஆண்களின் ரத்தத்தில் ஒய் இழப்பு கூடுதலாக இருப்பதைக் காட்டியது. இது தொடர்பு மட்டுமே. இதயத்துக்குச் செய்த மாதிரி காரண காரியத்தைப் பிடித்துக் காட்டும் வேலை இங்கே அந்த அளவுக்கு வலுவாக இல்லை.

பெண்களுக்கு இந்தக் கவலை இல்லையா?

பெண்களின் வெள்ளையணுக்களில் எக்ஸ் தொலைகிறது. 2024-ல் நேச்சரில் வந்த ஆய்வு 8,83,574 பெண்களின் தரவைச் சேர்த்துப் பார்த்தது. 12 சதவீதத்தினரிடம் எக்ஸ் இழப்பு தெரிந்தது. ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கும் நிமோனியாவுக்கும் அதோடு தொடர்பு இருந்தது. ஆனால் ஆண்களின் ஒய் இழப்போடு ஒப்பிட்டால் இழந்த செல்களின் விகிதம் பெரும்பாலும் குறைவு.

எக்ஸ் பெரிய குரோமோசோம், எண்ணூறுக்கு மேல் மரபணுக்கள் உள்ளது. அதைத் தொலைத்த செல் எப்படிப் பிழைக்கிறது? பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸில் ஒன்று பெரும்பாலும் மூடி வைக்கப்பட்டிருக்கும். 1961-ல் மரபியலாளர் மேரி லயன் முன்வைத்த கருத்து இது. தொலைவது பெரும்பாலும் அந்த மூடிய எக்ஸ்தான் என்று 2016-ல் தெரியவந்தது. ஏற்கெனவே பூட்டிய அறை போனால் வீட்டுக்குச் சேதம் குறைவு, ஆனாலும் அது முழுப் பூட்டு இல்லை. மூடிய எக்ஸிலும் சில மரபணுக்கள் வேலை செய்துகொண்டுதான் இருக்கும்.

2024 ஆய்வில் இன்னொரு சுவாரசியம்: எந்த எக்ஸ் தங்குகிறது என்பது முழுக்க அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது இல்லை. தாயிடமிருந்து வந்ததும் தந்தையிடமிருந்து வந்ததும் கொஞ்சம் வேறுபட்டவை அல்லவா, அவற்றில் சில வடிவங்களைத் தக்கவைத்துக்கொண்ட செல்கள் மற்றவற்றை முந்தின. இங்கேயும் தொலைப்பது ஒரு பங்கு, பிறகு நடக்கும் போட்டி மறுபங்கு.

மற்ற 22 ஜோடிகள்?

அவற்றிலும் பகுதி இழப்பு உள்ளிட்ட மாற்றங்கள் நடக்கும், ஆனால் மிகக் குறைவு. 2012-ல் வந்த பெரிய ஆய்வுகளின்படி 50 வயதுக்குக் கீழே நூற்றுக்கு அரைப் பேருக்கும் குறைவு, முதுமையில் இரண்டு மூன்று பேர். எண்ணிக்கையில் குறைவானாலும் ஆபத்தில் இவைதான் பெரியவை. உதாரணமாக 7-ஆம் ஜோடியில் ஒரு குரோமோசோம் முழுதாகப் போனால் மருத்துவர்கள் அதைக் கவலையோடுதான் பார்ப்பார்கள்.

ஒய் போனால் ஆண்மை குறையுமா? குழந்தை பிறப்பதில் சிக்கல் வருமா?

ரத்தத்தில் ஒய் இழப்பதால் இரண்டும் ஆகாது. டெஸ்டோஸ்டிரோன் சுரப்பதும் விந்து உண்டாவதும் விந்தகத்தில். அந்த செல்கள் வேறு வம்சம், எலும்பு மஜ்ஜையில் என்ன நடக்கிறது என்பது அவற்றுக்குத் தெரியாது. ஆண், பெண் என்ற உடல் அமைப்பும் கருவிலேயே முடிவான விஷயம்.

புகைப்பிடித்தால் கூடுமா?

கூடும், இதில் சந்தேகம் மிகவும் குறைவு. 2015-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் மூன்று தனித்தனிக் கூட்டங்களில் பார்த்தபோது, புகைப்பவர்களிடம் ஒய் இழப்பு இருக்கும் வாய்ப்பு இரண்டரையிலிருந்து நான்கு மடங்கு வரை அதிகம். எவ்வளவு புகைத்தார்களோ அவ்வளவு கூடுதல். விட்டுவிட்டவர்களின் அளவோ, புகைக்காதவர்களின் அளவுக்கு அருகே வந்துவிட்டது.

முன்பு சொன்ன குளோன் கணக்கை வைத்து யோசித்தால்தான் இது புரியும். தொலைந்த ஒய் திரும்பி வராது. ஆனால் புகையின் நெருக்கடியில் முந்திய குடும்பம், அந்த நெருக்கடி நீங்கியதும் அதே வேகத்தில் வளர வேண்டியதில்லை. மற்ற ஸ்டெம் செல்கள் தங்கள் பங்கை மீட்டுக்கொள்ள இடம் கிடைக்கிறது. ஒரே ஆளைப் பல வருடம் தொடர்ந்து அளந்த ஆய்வுகளிலும் ஒருவருக்கு விறுவிறுவென ஏறுகிறது, இன்னொருவருக்கு அப்படியே நிற்கிறது, சிலருக்கு இறங்கவும் செய்கிறது. வயதை மாற்ற முடியாது, மரபணுவை மாற்ற முடியாது, நம் கையில் இருக்கும் காரணங்களில் உறுதியாகத் தெரிந்தது புகைதான்.

இதுவும் டெலோமியர் குறைவதும் ஒன்றா?

வேறு வேறு. டெலோமியர் என்பது எல்லா குரோமோசோமின் நுனியிலும் உள்ள பகுதி, பிரிவு நடக்க நடக்கத் தேயும். இங்கே ஒரு முழு குரோமோசோமே போகிறது.

ஒய் குரோமோசோமே மனித இனத்திலிருந்து அழியப் போகிறது என்கிறார்களே?

அது பரிணாமக் கதை, கோடிக்கணக்கான வருடக் கணக்கு. ஒய் ஒரு காலத்தில் எக்ஸ் அளவுக்குப் பெரிதாக இருந்து தேய்ந்தது உண்மை. ஆனால் 2012-ல் மனித ஒய்யையும் ரீசஸ் குரங்கின் ஒய்யையும் ஒப்பிட்டபோது, இரண்டும் பிரிந்த இரண்டரைக் கோடி வருடத்தில் மனித ஒய்யின் பழைய பகுதியிலிருந்து போனது ஒரே ஒரு மரபணு. தாத்தாவின் ரத்தத்தில் ஒய் குறைவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ரத்தத்தில் இதை எப்படி அளக்கிறார்கள்? நானும் பரிசோதித்துக்கொள்ளலாமா?

அளப்பது இன்று பெரிய வேலையில்லை. எக்ஸிலும் ஒய்யிலும் சிறு வேறுபாட்டோடு இருக்கும் ஒரு மரபணுவை எடுத்து, எக்ஸ் படிக்கு எத்தனை ஒய் படி இருக்கிறது என்று, டிஎன்ஏ படிகளை எண்ணும் டிஜிட்டல் பிசிஆர் முறையில் எண்ணலாம். ஒய் படி பத்துக்கு ஏழுதான் வந்தால் முப்பது சதவீத செல்களில் ஒய் இல்லை. டிஎன்ஏ சிப், முழு மரபணுத் தொகுப்பு வாசிப்பு ஆகியவற்றிலும் தெரியும்.

ஆனால் முடிவு கையில் வந்த பிறகு என்ன செய்வது? தொலைந்த ஒய்யைத் திருப்பித் தர மருந்து இல்லை, இந்த எண்ணை வைத்து மருத்துவர் தொடங்கும் சிகிச்சையும் இல்லை. "புகையை விடுங்கள், ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்பதுதான் அறிவுரையாக வரும், அதற்குப் பரிசோதனை தேவையில்லை. என்னைக் கேட்டால், ஆர்வத்துக்காக மட்டும் செய்துகொள்ள வேண்டாம் என்பேன்.

எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை அறிக்கையில் "ஒய் இல்லை" என்று வந்திருக்கிறது. ரத்தப் புற்றுநோயா?

அதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. வயதான ஆணின் மஜ்ஜையில் ஒய் இழப்பு சாதாரணமாகவே இருக்கும், ரத்த செல்களின் எண்ணிக்கையும் வடிவமும் சரியாக இருந்தால் பெரும்பாலும் வயதின் அடையாளமாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். இன்னும் ஒன்று. மஜ்ஜை சரியாக ரத்தம் உண்டாக்காத மைலோடிஸ்பிளாசியா நோய் உறுதியானவர்களிடம்கூட, ஒய் இழப்பு மட்டும் தனியாக இருந்தால் அது நல்ல செய்தி. 2012-ல் திருத்திய சர்வதேச மதிப்பீட்டு முறையில் குரோமோசோம் மாற்றங்களை ஐந்து வகையாகப் பிரித்திருக்கிறார்கள். தனித்த ஒய் இழப்பு அதில் "மிக நல்லது" என்ற முதல் வகையில் இருக்கிறது, எந்த மாற்றமும் இல்லாத இயல்பான குரோமோசோம்களுக்கே இரண்டாவது இடம்தான். அறிக்கையில் மற்ற குரோமோசோம்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது, ஒய் இல்லாத செல்கள் எத்தனை சதவீதம் என்ற இரண்டையும் ரத்தவியல் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.